எரிபொருளுக்கு அனுமதி இல்லை

படிவத்தின் முதல் கட்டம்: வலையமைப்பின் பெயர்.
எங்களுக்குப் பெயர் கிடையாது.
ஐந்து தீவு, ஐந்து பள்ளி,
பள்ளிக்கு ஓர் ஆசிரியர்.
எல்லாம் கூட்டினால் முப்பத்தொரு பிள்ளைகள்.
"மார்ச்சில் பார்ரியா குடும்பம்
புவெர்ட்டோ மோன்ட்டுக்குப் போகிறது,
இருபத்தொன்பது போடு" என்கிறார் ரோசமெல்.
போட்டேன். மனசு கேட்காமல்
மறுபடி முப்பத்தொன்று ஆக்கினேன்.

சிலோயேயின் மழை தகரத்தின் மேல்
தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை ஒப்பிக்கிறது.
விறகடுப்பில் கேத்தல்.
மடிக்கணினியில் நாற்பது விழுக்காடு உயிர்.

அடுத்து, செலவுத் திட்டம்.
படகுக்குப் பெட்ரோல், மாதம் ஒரு முறை, பத்து மாதம்.
ரொட்டி. ஒரு தார்ப்பாய்.
விதிமுறை, பக்கம் ஆறு:
எரிபொருளுக்கு அனுமதி இல்லை.
நிபுணர் மதிப்பூதியம்
நாற்பது விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஐயா, நாங்கள் கேட்க வந்ததே சுமைகூலிதான்.
சுண்டைக்காய் எங்களிடம் இருக்கிறது.

நிபுணர் யார்?
எலிசேயோ சிரிக்கிறார்.
ஓத அட்டவணையைச் சுவரில் ஒட்டி
அதிலிருந்தே பின்னக்கணக்குச் சொல்லித் தருபவர் அவர்.
யாமிலெட் ஒரே உருளைக்கிழங்கை
ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் வைப்பாள்.
சின்னதுக்கு: இதில் எத்தனை கண்?
பெரியதுக்கு: கண் இல்லாத துண்டு முளைக்குமா?

"அப்படியானால் ஆளுக்கு இரண்டு மாதம் நிபுணர்.
மதிப்பூதியம் வாங்குகிறவர்
அதை எஞ்சின் தொட்டியில் ஊற்றட்டும்."
பொய்யா இது என்று ஒரு நிமிடம் யோசித்தோம்.
ரோசமெல் சொன்னார்:
இந்தப் படிவத்திலேயே நிஜமான வரி இதுதான்.

பிறகு, நோக்கம். முந்நூறு எழுத்துக்குள்.
அங்கே நின்றுவிட்டேன்.

பதினோரு வருடம் பாடம் நடத்தினேன்,
பெரியவர் ஒருவரும் பார்த்ததில்லை.
ஆய்வாளர் இரண்டு தடவை வந்தார்,
கழிவறையையும் தீயணைப்பானையும் பார்த்துவிட்டுப் போனார்.
போன ஆகஸ்டில் வடகாற்று துறையை மூடிவிட்டது.
நோல்வியா தன் தீவுக்குத் திரும்ப முடியவில்லை.
காலையில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில்,
முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்திருந்தாள்.
இடைவேளையில் சொன்னாள்,
குறையாக அல்ல,
வெளியே மழை பெய்கிறது என்பதுபோல:
"நீ கேள்வி கேட்கிறாய்.
பிறகு நீயே பதிலும் சொல்லிவிடுகிறாய்."

எனக்குக் கோபம்.
அவள் கிளம்பும்போது
படகின் கயிற்றை அவிழ்த்துவிடக்கூடப் போகவில்லை.

மறுநாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு
மனசுக்குள் எண்ணினேன், ஏழு வரை என்று வைத்துக்கொண்டு.
நாலில் நாக்கு துடித்தது.
ஆறில், வருடம் பூராவும் சுவரைப் பார்த்திருந்த டெல்மிரா
"ஓதம் இறங்கும்போது
அவ்வளவு தண்ணீரும் யார் வீட்டுக்குப் போகுது, டீச்சர்?" என்றாள்.
நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
"சக ஆசிரியர் உற்றுநோக்கல் வழியாகக்
கற்பித்தல் நடைமுறைகளை மேம்படுத்துதல்"
என்று எழுதினேன்.
எழுத்துகள் மிச்சம் இருந்தன.
அதில் நோல்வியா இல்லை. கயிறும் இல்லை.

கடைசிக் கேள்வி: நிதி கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?
யாமிலெட் யாரையும் கேட்காமல் தட்டினாள்:
சந்திப்போம். குறைவாக.

படகுத்துறையின் நுனிப்பலகையில்தான் சிக்னல்.
குடைக்குள் மடிக்கணினி,
குடைக்கு வெளியே நாங்கள் ஐந்து பேர்.
அனுப்பு என்பதைத் தொட்டேன்.
ஒரு சின்ன வட்டம் சுழலத் தொடங்கியது.
"போச்சா? போகலையா? இன்னொரு தடவை அழுத்து" என்று
எலிசேயோ விரலை நீட்டுகிறார்.
நோல்வியா அந்த விரலைப் பிடித்து நிறுத்துகிறாள்.

ஐந்து.

ஆறு.